கத்தி வைத்தால் பரவுமா?



இந்த மாதம் பிள்ளைகளின் காலை உணவு பற்றி எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். ஒரு பின்னேரம் என் வீட்டு வாசலில் கேட்கப்பட்ட ஒரு கேள்விதான் காரணம்.

கேட்டவர் சம்மாந்துறையைச் சேர்ந்தவர். நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்தவர்கள். வீரமுனையில் இருக்கும் எனக்கு அவர் வீடு அடுத்த வீடு மாதிரித்தான். அவருடைய மாமிக்கு எழுபது வயது. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. வைத்தியசாலையில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்து, வாய்ப்புற்றுநோய் என்றும், உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமி ஒத்துக்கொள்றாவில்ல டீச்சர். கத்தி வெச்சா உடம்பெல்லாம் பரவிரும் எண்டு அக்கம்பக்கத்துப் பொம்புளைகள் சொல்லிட்டாங்க. நீங்க சயன்ஸ் படிப்பிச்ச ஆள். உண்மையச் சொல்லுங்க, பரவுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் சயன்ஸ் படிப்பித்த ஆள்தான். அப்போது நான் வாய் திறக்கவில்லை.

பெரியம்மாவின் வட்டா

என் அம்மாவின் அக்காவைப் பற்றித்தான் சொல்கிறேன். பெரியம்மா வயலுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வெற்றிலை வட்டா கூடவே போகும். 1990 ஆம் ஆண்டு ஊரை விட்டு இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது அந்தப் பழக்கம் இரண்டு மடங்காயிற்று. "வெத்தில இரிந்தா பசி தெரியாது புள்ள, நித்திர வராட்டியும் பரவாயில்ல" என்பார். ஊர் திரும்பிய பிறகும் அது குறையவில்லை. இரவில் கன்னத்தில் ஒரு வாய் வெற்றிலையை அடக்கிக்கொண்டுதான் படுப்பார். பல் விழுந்த பிறகு அவருக்கு உரலில் இடித்துக் கொடுத்தவள் நான். முதற்சம்பளத்தில் பித்தளைப் பாக்குவெட்டி வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

2008 ஆம் ஆண்டு ஒரு நாள் அவர் வாய்விட்டுச் சிரித்தபோது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படலத்தைக் கண்டேன். கேட்டேன். "நோகுதில்ல. நோகாதத ஏன் தோண்டுவான்?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தக் கிழமை வகுப்பில் நான் படிப்பித்த பாடம் கலப்பிரிவு என்பது இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த வருடம் அந்த இடம் புண்ணாயிற்று. வைத்தியர் சத்திரசிகிச்சை என்றார். வீடு நிறைய ஆட்கள் வந்து, "கத்தி வெச்சா பரவும், கிழவியப் போட்டு வதைக்காதீங்க" என்றார்கள். ஐந்து மாதம் எண்ணெயும் பற்றுமாகப் போனது. ஒரு காலையில் தாடையின் கீழே பாக்களவில் ஒரு கட்டி. அதன் பிறகுதான் ஓடினோம். வெட்டினார்கள், கதிர் பிடித்தார்கள். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. 2010 இல் பெரியம்மா எங்களை விட்டுப் போனார்.

செத்த வீட்டில் எல்லோரும் சொன்னது என்ன தெரியுமா? "கத்தி வெச்சதாலதான் பரவின." கழுத்துக் கட்டி கத்திக்கு முன்பே வந்துவிட்டது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் இந்தக் கதை இன்னொரு வீட்டுக்குப் போய், இப்போது என் தோழியின் மாமியின் காதில் நிற்கிறது.

பரவுதல் என்றால் என்ன?

சகோதரிகளே, புற்றுநோய் வளர்வது ஒன்று, பரவுவது வேறொன்று. ஓரிடத்தில் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிக் கட்டியாவது வளர்ச்சி. அந்தக் கட்டியிலிருந்து சில கலங்கள் கழன்று, நிணநீர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ வேறிடம் போய்க் குடியேறுவது பரவல். வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் கழுத்திலுள்ள நிணநீர்க்கணுக்கள். பெரியம்மாவின் தாடைக்குக் கீழே வந்த கட்டி அதுதான். புற்றுநோயில் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோவது இந்தப் பரவல்தான்.

அப்படியானால் ஒரு கலம் ஏன் எழும்பி நடக்கிறது? கத்தி தொட்டதாலா? இதற்குப் பதில் தேடியவர்கள் கலத்துக்குள் இருக்கும் ஒரு சின்னக் குறியில் போய் நின்றிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், விளங்காத விடயம் ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் காணி உறுதி இருக்கிறதல்லவா? அதை அலுமாரியில் பூட்டி வைத்திருப்போம். கச்சேரிக்கோ வங்கிக்கோ போகும்போது போட்டோப் பிரதியைத்தான் கொண்டுபோவோம். கலத்திலும் அப்படித்தான். டீ.என்.ஏ. என்பது உறுதி. ஆர்.என்.ஏ. என்பது அதிலிருந்து எடுக்கும் பிரதி. பிரதியைப் பார்த்துத்தான் கலம் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்கிறது. எல்லா ஆர்.என்.ஏ.யும் கட்டளைப் பிரதி அல்ல. சில ஆர்.என்.ஏ.க்கள், வீடு கட்டும் இடத்தில் மேசனுக்குக் கல் காவிக் கொடுக்கும் கூலியாள் போல, புரதத்துக்கு வேண்டிய துண்டுகளைக் காவிக் கொண்டுவந்து கொடுப்பவை.

இந்த ஆர்.என்.ஏ. மீது கலம் சில இடங்களில் ஒரு சிறு குறி இடுகிறது. ஒரு காபன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் சேர்ந்த மெதைல் கூட்டம்தான் அந்தக் குறி. குறி இடுவதை மெதைலேற்றம் என்பார்கள். ஆலைக்குப் போகும் நெல் மூட்டையில் நாங்கள் குறி இடுவதில்லையா? குறி போட்டதால் உள்ளே இருக்கும் நெல் மாறாது. ஆனால் அந்த மூட்டை எந்தப் பக்கம் போகும், எப்போது இறக்கப்படும் என்பதை அந்தக் குறி தீர்மானிக்கும். ஆர்.என்.ஏ.யிலும் எழுத்து மாறுவதில்லை. அது எப்படி வேலை செய்யும் என்பது மாறுகிறது.

இப்படியான குறி கட்டளைப் பிரதிகளிலும் இருப்பதை 1974 ஆம் ஆண்டே கண்டுவிட்டார்கள். சில குறிகளை இடுவதற்கு ஒரு நொதியம் இருப்பது போல, அழிப்பதற்கும் ஒரு நொதியம் உண்டு என்று 2011 இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சுவான் ஹீ என்பவரின் குழு காட்டியது. அதன் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

நடக்கச் சக்தி கொடுக்கும் குறி

இனி எங்கள் கேள்விக்கு நேராக வரும் ஆய்வு. ஜெர்மனியில் ஹைடல்பேர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் மிக்கேலா ஃப்ரை என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைச் செய்தது. 2022 ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது மனிதரின் வாய்ப்புற்றுநோய்க் கலங்களை. பெரியம்மாவுக்கு வந்த அதே நோய்.

ஒவ்வொரு கலத்திலும் இழைமணி என்ற உறுப்பு உண்டு. கலத்துக்குச் சக்தி கொடுக்கும் இயந்திரம் அது. அந்த இயந்திரத்துக்கு வேண்டிய பாகங்களில் 13 புரதங்களை இழைமணி தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. அவற்றைச் செய்ய, காவிக் கொடுக்கும் ஆர்.என்.ஏ. ஒன்றின் மீது குறிப்பிட்ட ஓரிடத்தில் மெதைல் குறி இருக்க வேண்டும். அந்தக் குறியை இடும் நொதியத்தின் பெயர் என்சன் 3.

ஆய்வாளர்கள் புற்றுநோய்க் கலங்களில் அந்தக் குறி விழாதபடி செய்து, எலிகளில் வைத்துப் பார்த்தார்கள். கலங்கள் சாகவில்லை. வாயிலிருந்த கட்டியும் வழமைபோல் வளர்ந்தது. ஆனால் அது முன்போலப் பரவவில்லை.

ஏன்? வீட்டில் இருப்பதற்கு ஒரு கைவிளக்குப் போதும். மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியூர் போக உழவு இயந்திரம் வேண்டும். புற்றுநோய்க் கலமும் அப்படித்தான். இருந்த இடத்தில் பெருக, சீனியை அரைகுறையாக உடைத்து வரும் சக்தியே அதற்குப் போதும். கட்டியை விட்டுக் கழன்று போக இழைமணியின் முழுச் சக்தியும் தேவைப்படுகிறது. குறி இல்லாவிட்டால் அந்த இயந்திரம் சரியாக ஓடாது.

இன்னொன்றும் கண்டார்கள். கட்டியிலுள்ள எல்லாக் கலங்களும் பயணம் போவதில்லை. பெருகாமல் அமைதியாக இருக்கும் ஒரு வகைக் கலங்களே பரவலைத் தொடங்கி வைக்கின்றன. அவற்றுக்குத்தான் இந்தக் குறி மிகவும் தேவைப்படுகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயாளரின் கட்டிகளைப் பார்த்தபோதும், இழைமணியோடு சம்பந்தப்பட்ட பரம்பரையலகுகள் வேலை செய்யும் விதத்தைக் கொண்டு யாருக்கு நோய் பரவக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தது.

இப்போது கத்தி விடயத்துக்கு வருவோம். அந்த எலிகளின் கட்டியை யாரும் வெட்டவில்லை. அப்படியிருந்தும், குறி இருந்த கட்டிகள் பரவின. பரவும் சக்தி கட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவைத்தால், நாள் போகப் போக, கழன்று போகும் கலத்துக்கு நாங்களே வழி விடுகிறோம். சத்திரசிகிச்சை என்பது அந்தக் கலங்கள் புறப்படுவதற்கு முன் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிடுவது. தேவைப்பட்டால் கழுத்திலுள்ள நிணநீர்க்கணுக்களையும் சேர்த்தே எடுப்பார்கள். பயந்து பிந்திப் போகிறோம். அதற்குள் சில கலங்கள் புறப்பட்டுவிடுகின்றன. அவை தெரிய வரும்போது வெட்டியதும் ஞாபகத்தில் இருப்பதால் பழியைக் கத்தி மேல் போடுகிறோம்.

மருந்து வந்துவிட்டதா?

அவசரப்படக்கூடாது சகோதரிகளே. இழைமணியில் புரதம் செய்வதைத் தடுக்கும் மருந்துகளால் எலிகளில் பரவலைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும் அந்தத் தன்மை உண்டு. இதைக் கேள்விப்பட்டு யாரும் பாமசியில் போய்க் குளிசை வாங்கிப் போடக்கூடாது. எலியில் கண்டது மனிதருக்கு மருந்தாகப் பல வருடச் சோதனை வேண்டும். வேறொரு ஆர்.என்.ஏ. குறியை இடும் நொதியத்தைத் தடுக்கும் ஒரு மருந்து 2022 இல் முதன்முதலாக மனிதரில் சோதிக்கத் தொடங்கப்பட்டது. நடக்கும் கலத்தின் காலைக் கட்டும் மருந்து ஒரு நாள் வரலாம். அதை நம்பி மாமி காத்திருக்க முடியாது.

எங்களிடம் இருப்பது ஒரு டோர்ச் லைட்

நுரையீரலையும் ஈரலையும் பார்க்க ஸ்கேன் வேண்டும். வாயைப் பார்க்க ஒரு டோர்ச் போதும். இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்பகுதிப் புற்றுநோய். வெற்றிலை போடும் பெண்களையும் அது விடுவதில்லை.

"நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லும் சகோதரிகள் பலர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புகையிலை கலந்த மெல்லும் பொருட்களை விற்பதை எங்கள் நாட்டில் 2016 இல் தடை செய்தார்கள். பாக்கும் வெற்றிலையும் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வாயைப் பார்ப்பதால் உயிர் மிஞ்சுமா? மிஞ்சும். கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் 1996 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்ததாக 2005 இல் வைத்தியர் சங்கரநாராயணன் குழு அறிவித்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, கண்ணும் வெளிச்சமும்தான். அதற்கு முன்பே, 1984 இல், எங்கள் நாட்டு வைத்தியர் சமன் வர்ணகுலசூரியவும் சக ஆய்வாளர்களும் ஒரு விடயத்தைக் காட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வரும் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்களே வாய்ப்புற்றுநோயையும் அதன் முன் அறிகுறிகளையும் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் அது.

நீங்களும் இன்றிரவே பார்க்கலாம். வீட்டில் வெற்றிலை போடும் ஒவ்வொருவரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லி, வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

இரண்டு கன்னங்களின் உட்புறம், உதட்டின் உட்புறம், முரசு, அண்ணம். நாக்கை நீட்டச் சொல்லி அதன் இரு ஓரங்கள், பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கம். வெற்றிலையை வழமையாக அடக்கி வைக்கும் இடத்தை இரண்டு தரம் பாருங்கள்.

துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், கைக்குத் தடிப்பாகப் படும் இடம், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போக வேண்டும். நோகவில்லை என்பது நல்ல செய்தி அல்ல. ஆரம்பத்தில் அது நோகாது.

வாயைத் திறந்து, தங்கள் மூன்று விரல்களை மேலும் கீழுமாகப் பல் இடைவெளியில் வைக்கச் சொல்லுங்கள். விரல்கள் போகாவிட்டால், காரமான கறி வாயில் எரிந்தால், பாக்கினால் வாயின் உட்சதை இறுகத் தொடங்கியிருக்கலாம். அதுவும் முன் அறிகுறிதான். அன்றைக்கே பாக்கை நிறுத்த வேண்டும்.

சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதற்கும் பயப்பட வேண்டாம். என்ன நோய் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழி அது. சத்திரசிகிச்சைக்கு நாள் தந்தால் அந்த நாளிலேயே போங்கள். எண்ணெயும் பற்றும் அந்த நாளைத் தள்ளிப் போட வேண்டாம்.

மாமியின் கேள்வி

அன்று தோழியிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர், "இதெல்லாம் எனக்கு விளங்கிட்டு டீச்சர், மாமிக்கு யாரு சொல்றது? நீங்களே வாங்க" என்றார்.

மறுநாள் போனேன். மாமிக்கு இழைமணியும் மெதைலும் சொல்லவில்லை. பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைப் படலத்தை நான் கண்டதையும், ஐந்து மாதம் பிந்தியதையும், கத்திக்கு முன்பே கழுத்தில் கட்டி வந்ததையும் சொன்னேன். மாமி கடைசி வரைக்கும் பேசாமல் இருந்தார். பிறகு தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு இஞ்ச ஒண்டும் இல்ல தானே மகள்?"

நானும் தடவிப் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "என்ட கைக்குத் தெரியல்ல மாமி. டொக்டர்மார் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பாங்க. இப்பவே போனாத்தான் நல்லம்" என்றேன்.

அடுத்த கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. கன்னத்தில் தையல் இருப்பதால் மாமி இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார். கழுத்திலிருந்து எடுத்த கணுக்களின் அறிக்கை இதை எழுதும் வரை வரவில்லை. வரும்வரை எங்கள் இரண்டு வீட்டிலும் நெஞ்சுப் படபடப்புத்தான். வட்டாவை மட்டும் மாமியே எடுத்து மருமகளிடம் கொடுத்து, "இதக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில வை" என்றாராம்.

பெரியம்மாவின் பாக்குவெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், அன்று "வாயத் திறங்க பெரியம்மா, பார்ப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் மனம் சொல்லும். உங்கள் வீட்டில் வட்டா இருந்தால், அந்த ஒரு வார்த்தையை இன்றிரவு நீங்கள் சொல்லிவிடுங்கள். காலை உணவு பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.